நிறுத்தி நிறுத்திப் போன பயணம்

எங்கேயாவது பயணம் போவோமா என்று யார் கேட்டாலும் எங்கள் கீழ் வீட்டு அன்ரி திருப்பிக் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். எங்கே, எப்போது, எவ்வளவு செலவாகும் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

"வர்றவங்கள்ல அடிக்கடி ஒன்னுக்குப் போறவங்க யாரு?"

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் படிக்கட்டில் நின்றுகொண்டு, மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் கேட்கிற குரலில் இதைக் கேட்பார். எங்கள் மாடியில் முக்கால்வாசி யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள். அந்த விஷயத்தை வைத்தியரிடம் சொல்வதற்கே தொண்டையைச் செருமிச் செருமி நேரத்தை ஓட்டுகிற ஆட்கள் நாங்கள். அவர் இப்படிக் கேட்டதும் ஆண்கள் வீட்டுத் திறப்புக்கொத்தைத் தேடுவதுபோலச் சட்டைப் பையைத் தடவுவார்கள். பெண்கள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். பதில் மட்டும் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். அவர் விடமாட்டார். வீடு வீடாக வந்து, சமையலறைக்குள் புகுந்து, தனித்தனியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் போவார்.

அவர் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கர். கல்யாணம் முடித்து எங்கள் பக்கம் வந்தபோது கொட்டாஞ்சேனைத் தமிழையும் கொட்டாஞ்சேனைக் குரலையும் கூடவே எடுத்து வந்துவிட்டார். கணவர் கப்பலில் வேலை, வருஷத்தில் பாதி நாள் கடலில். எங்களுக்கு நேர் கீழ் வீடு. நான் அவரை அன்ரி என்று கூப்பிடுவேன். மாடியில் என் வயதுக்காரர் எல்லோருக்கும் அவர் அன்ரிதான். இப்போது மகளோடு வெளிநாட்டில் இருக்கிறார். நல்ல நாள் பெருநாளுக்குத் தொலைபேசியில் கதைப்போம். ஆனால் எனக்குள் அவர் நிற்பது வாடகைக்குப் பிடித்த வான் வண்டியின் கதவோரத்தில், ஒரு கையில் குடையும் மறு கையில் சவர்க்காரப் பெட்டியுமாகத்தான்.

ஒரு பெண்கள் பாடசாலையின் அலுவலகத்தில் அவருக்கு வேலை. ஏன் இந்த விஷயத்தில் இவ்வளவு பிடிவாதம் என்று ஒருமுறை கேட்டேன். பெரிய கதை ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார்: "காலையில நிறைச்சு வந்த தண்ணிப் போத்தில் பின்னேரம் அப்படியே வீட்டுக்குப் போகுது மகள். பிள்ளைங்க குடிக்கிறதில்ல. குடிச்சா போகணும், போற இடம் போற மாதிரி இல்ல. இது எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் வாயத் திறக்கறதில்ல." அவ்வளவுதான் காரணம். அதற்கு மேல் அவர் விளக்கவில்லை, வெங்காயத்தைப் பிடி என்று என்னிடம் தந்துவிட்டார்.

குறைந்த செலவில் நாட்டைச் சுற்றுவதில் அவரை வெல்ல எங்கள் பகுதியில் ஆளில்லை. காசு போவது தூரத்துக்கு அல்ல, அவசரத்துக்குத்தான் என்பது அவருடைய கட்சி. போயா என்கிற பௌர்ணமி விடுமுறையும் வெள்ளிக்கிழமையும் சேர்ந்து வருகிற வாரத்தில் நாடே ரோட்டில் நிற்கும், அந்த நாட்களில் வாசற்படி தாண்டமாட்டார். திங்கட்கிழமை புறப்படுவார். லீவு எடுக்க முடியாது என்று முனகுகிறவர்களிடம், அறை வாடகையில் மிச்சப்படுவதை எண்ணிப் பாருங்கள், லீவு தானாக வரும் என்பார்.

நுவரெலியாவுக்கு ஏப்ரலில் போகவேண்டும் என்று எல்லோரும் ஆசைப்பட்டோம். பூக்கள், குதிரைப் பந்தயம், சீசன். அவர் ஒரே பிடியாக மறுத்து, சீசன் முடிந்து மழை பிடித்த பிறகுதான் கொண்டுபோனார். "சீசன்னா வெயில்தானே. வெயில் நாம வெள்ளவத்தையிலேயே பார்க்கிறோம் தானே" என்றார். முதல் நாள் பூராவும் ஜன்னலைப் பார்த்தபடி எல்லோரும் முகத்தை நீட்டிக்கொண்டிருந்தோம். இரண்டாம் நாள் பனிமூட்டத்துக்குள் குடையோடு இறங்கிப் போய், ஆளை ஆள் தெரியாமல் கூப்பிட்டுக்கொண்டு திரிந்தோம். இன்றைக்கும் மாடியில் கதை வந்தால் அந்தப் பயணத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஏப்ரலில் போயிருந்தால் அந்த விலைக்கு ஒரு குதிரை லாயம்கூடக் கிடைத்திருக்காது.

வான் பேசும்போது வாடகையை அவர் கடைசியில்தான் பேசுவார். சாரதிக்குச் சாப்பாடு யார், படுக்கை யார் என்பதை முதலில் பேசித் தீர்த்துவிடுவார். பயணத்தின் கடைசி நாளில் வருகிற சண்டையெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது என்பார். பிறகு வானின் பின் இருக்கையில் போய் உட்கார்ந்து, ஒழுங்கையில் ஒரு சுற்று ஓட்டச் சொல்வார். முன் இருக்கையில் இருந்து பார்த்தால் எல்லா வானும் நல்ல வான்தான். கண்டியிலோ நுவரெலியாவிலோ தங்குவதென்றால் காட்சி தெரிகிற அறை அவருக்கு வேண்டாம். மலை உச்சியில் அறை மலிவு, ஆனால் ஒவ்வொரு முறை ஏறி இறங்க முச்சக்கர வண்டிக்குக் கொடுத்து முடியாது. பஸ் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் அறை எடுப்பார். அதுவும் இருட்டுவதற்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். இருட்டிய பிறகு பையோடு நிற்கிறவருக்கு ஒரு விலை, வெளிச்சத்தில் கையை வீசிக்கொண்டு வருகிறவருக்கு இன்னொரு விலை.

முதல் நாள் சாப்பாடு வீட்டிலிருந்துதான். ரோஸ் பாண், சீனிச்சம்பல், அவித்த முட்டை. தூர பஸ்கள் வரிசையாக நிற்கிற சாப்பாட்டுக் கடைகளில் கால் வைக்கவே விடமாட்டார். "அங்க டிரைவருக்கு ஓசிச் சாப்பாடு. அவர்ட பில்ல யாரு கட்றது? நீங்கதான்" என்பார். காசு கொஞ்சம் இறுக்கமாக இருக்கிற குடும்பத்திடம் பங்கு கேட்கமாட்டார். நீங்கள் சம்பல் பொறுப்பு என்று சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவார். அவர்களும் தலைநிமிர்ந்து வந்து ஏறுவார்கள்.

இதெல்லாம் ஒரு பக்கம். பயணத்தின் முதுகெலும்பு அவர் கேட்கிற அந்த முதல் கேள்விதான். எந்தப் பெற்றோல் செட்டில் தண்ணீர் வரும், எந்தக் கோயில் மடத்தில் கதவுக்குக் கொண்டி இருக்கிறது, எந்த பேக்கரி முதலாளியம்மா முகம் சுளிக்கமாட்டார் என்றெல்லாம் அவருக்கு மனப்பாடம். வரக்காப்பொலையில் ஒரு எள்ளுருண்டைக் கடை. குருநாகலில் ஒரு தேவாலயம். கலேவெலைக்குப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வீடு. எந்த அறிமுகமும் இல்லாமல் ஒருநாள் கதவைத் தட்டி, பொம்பளைப் பிள்ளைகள் இருக்கிறார்கள், கொஞ்சம் உதவி செய்வீர்களா என்று நேராகக் கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து அந்த வழியில் போகும்போதெல்லாம் அந்த வீட்டுக்குக் கொழும்பிலிருந்து ஒரு பட்டர் கேக் போகும். கடையாக இருந்தால் எதையாவது வாங்காமல் உள்ளே போகமாட்டார், ஒரு தேத்தண்ணியாவது குடித்துவிடுவார். வெளியே வரும்போது போன நேரத்தைவிட அந்த இடம் சுத்தமாக இருக்கும். தூரிகையைத் தன் கையால் எடுத்துத் தேய்த்துவிட்டு வருவார்.

அவரோடு பயணம் போவது சுலபம் என்று சொல்லமாட்டேன். படம் எடுக்க வானை நிறுத்து என்று கேட்டால், படத்தைக் கடையில் வாங்கு என்பார். ஒருமுறை யாரோ ஒரு பிள்ளை நாங்கள் நின்ற வீட்டில் குழாயைத் திறந்தபடி விட்டு வந்தது தெரிந்து, வெகுதூரம் வந்த வானைத் திருப்பிக்கொண்டு போய் மூடிவிட்டு வந்தார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அடுத்த முறை அதே வீட்டுக்காரர் எங்களைக் கண்டதும் வாசலுக்கே வந்தபோதுதான் கோபம் அடங்கியது.

எங்கள் மேல் மாடியில் வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு மாமா இருந்தார். அன்ரியின் பயணங்களுக்குக் கக்கூஸ் டூர் என்று பெயர் வைத்தவர் அவர்தான். ஊருக்குப் போனால் கோயிலைப் பார்ப்பதா, குளத்தைப் பார்ப்பதா, இவர் காட்டுகிறதைப் பார்ப்பதா என்று படிக்கட்டில் நின்று பிரசங்கம் வைப்பார். அந்தப் பெயரைக் கேட்டு எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் அன்ரி. மாமா இவ்வளவு பேசினாரே தவிர, ஒரு பயணத்தையும் தவறவிட்டதில்லை. வேறு எங்கே அந்தச் செலவில் போவார்?

இனி அம்மாவின் கதை.

அம்மாவுக்கு ஒரே தங்கச்சி, திருகோணமலையில். எனக்குச் சித்தி. சின்ன வயதில் ஒரே பாயில் படுத்தவர்கள். ஆனால் வருஷக் கணக்காக அம்மா திருகோணமலைக்குப் போகவில்லை. முழங்கால் நோகுது, வெயில் ஒத்துக்கொள்ளாது, வீட்டைப் பூட்டிவிட்டு எப்படி வருவது என்று ஒவ்வொரு முறையும் ஒரு சாட்டு. சித்தியும் கொழும்புக்கு வரவில்லை. என் அப்பாவின் செத்தவீட்டுக்குக்கூட வரவில்லை, மகளைத்தான் அனுப்பினார். அம்மா அதை மனதுக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தார். கொழும்புக்காரியானதும் அக்காவுக்கு எங்களைத் தெரியவில்லை என்று சித்தி ஊரில் சொல்வதாக எங்கள் காதுக்கும் வந்தது. கடைசியில் சித்தியின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தொலைபேசியில் சித்தி சுற்றி வளைக்கவில்லை. இதுக்கும் வராவிட்டால் இனி எனக்கு அக்கா என்று ஒருத்தி இல்லை என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அம்மா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. இரவு பஸ்ஸில் போவோம் என்றேன், மாட்டேன் என்று தலையை ஆட்டினார். ரயிலில் என்றேன், அதற்கும் இல்லை. தனிக் கார் பிடிக்கிறேன் என்றபோது, காசைக் கரியாக்காதே என்று எரிந்து விழுந்தார். எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

மறுநாள் அன்ரி ஏதோ பாத்திரம் திருப்பித் தர மேலே வந்தார். நான் சமையலறையில் இருந்தேன். வரவேற்பறையில் அம்மாவுக்கு முன்னால் அவர் உட்கார்ந்த சத்தம் கேட்டது. அன்றைக்கு மட்டும் அவர் குரல் தாழ்ந்திருந்தது.

"அக்கா, நீங்க எங்க வீட்டுக்கு எத்தனையோ தரம் வந்திருக்கீங்க. ஒரு நாளும் டீ குடிச்சதில்ல. கோயிலுக்குப் போனாலும் பாதியில வந்துடுறீங்க. எனக்குச் சொல்லுங்க."

பிறகு அம்மா அழுகிற சத்தம்.

"இருமினாலே போயிடும் பிள்ளை. வீட்டில எண்டால் சமாளிப்பன். ரோட்டில என்னால ஏலாது. சனத்துக்கு முன்னால ஒருக்கா நடந்திட்டுது. அதுக்குப் பிறகு நான் ஒரு இடமும் போறேல்லை."

ஒரே வீட்டில் இருக்கிற எனக்குத் தெரியாத விஷயம். கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். அன்ரி ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. இது லேசான விஷயம் என்றும் சொல்லவில்லை. அடுத்த நாளே அம்மாவை ஒரு பெண் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனார். மருந்தும் பயிற்சியும் தந்து, குணமாக மாதக் கணக்காகும் என்றாராம். கல்யாணத்துக்கு அவ்வளவு நாள் இல்லை. "பரவாயில்ல, ரோட்ட நாம சரிபண்ணுவோம்" என்று அன்ரி சொல்லிவிட்டார்.

தனி வான் எங்களுக்குக் கட்டாது. ஆகவே திருகோணமலைக்கு ஒரு பயணம் என்று மாடியில் அறிவித்தார். எங்களுக்குக் கல்யாணம், மற்றவர்களுக்குக் கோணேசர் கோயிலும் நிலாவெளிக் கடலும். மாமாவும் மாமியும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார்கள், இன்னொரு குடும்பமும் சேர்ந்தது. அதற்கிடையில் ஒரு சனிக்கிழமை அன்ரியைக் காணவில்லை. இரவில் கால் வீங்கி வந்து படியில் உட்கார்ந்தவரிடம் எங்கே போனீர்கள் என்று கேட்டேன். தனியாக பஸ் ஏறி ஹபரணை வரைக்கும் போய், நிற்கவேண்டிய இடங்களையெல்லாம் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். ரோடு அகலித்ததில் ஒரு பெற்றோல் செட் இல்லாமல் போய்விட்டதாம். நல்ல காலம் போய்ப் பார்த்தேன் என்றார், சீனி வாங்கக் கடைக்குப் போய் வந்தவர்போல.

புறப்படுவதற்கு முதல் நாள் படிக்கட்டில் நின்று வழமையான குரலில் அறிவித்தார். "இந்தத் தடவ அடிக்கடி போறது நான்தான். எனக்கு சுகர் கூடிட்டுது. நிறுத்துனா யாரும் முறுமுறுக்கக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன்."

அவருக்குச் சுகரும் இல்லை, ஒன்றும் இல்லை. அவருடைய தேத்தண்ணிக்கு விழுகிற சீனியில் ஒரு குழந்தைக்குப் பாயாசம் வைக்கலாம். அது அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அம்மா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

விடியும்போது புறப்பட்டோம். வரக்காப்பொலைக்கு முன்பே முதல் நிறுத்தம். "மல்லி, இதில நிப்பாட்டுங்க" என்று சாரதியைச் சிங்களத்தில் தம்பி முறை வைத்துக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு, அம்மாவைப் பார்த்து, "அக்கா, தனியா போக ஒரு மாதிரியா இருக்கு, துணைக்கு வாங்க" என்றார். அம்மா ஏதோ உபகாரம் செய்கிறவர்போல இறங்கிப் போனார். எள்ளுருண்டைக் கடையில் மறுபடியும். குருநாகல் தேவாலயத்தில் மறுபடியும். ஒவ்வொரு முறையும் அதே குரல், அதே அழைப்பு. கடைகளில் தேத்தண்ணி குடித்தார், எல்லோருக்கும் வாங்கியும் கொடுத்தார். தம்புள்ளை தாண்டியபோது அம்மா அவித்த சோளம் சாப்பிட்டுக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார். ரோட்டில் அம்மா எதையாவது வாயில் வைத்து நான் கண்டது எவ்வளவோ காலத்துக்குப் பிறகு.

மாமாவுக்குத்தான் பொறுக்கவில்லை. தங்கச்சி, உம்மட சுகருக்கு நாங்கள் வாடகை கட்டுகிறோம் என்றார். இப்படியே போனால் கல்யாணத்துக்கு இல்லை, பிள்ளைப்பேற்றுக்குத்தான் போய்ச் சேருவோம் என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அன்ரியும் சிரித்தார். அம்மா மட்டும் சோளக் கட்டையை மடியில் வைத்துக் குனிந்துகொண்டார்.

ஹபரணையில் கடைசியாக நின்றோம். அதற்கு அங்கால் கந்தளாய் வரைக்கும் காடு. யானைகள் ரோட்டைக் கடக்கிற இடம், இறங்க முடியாது. ஓடினால் பெரிய தூரமில்லை என்று அன்ரி கணக்குப் போட்டிருந்தார். யானை அவருடைய கணக்கில் இல்லை. நடுக்காட்டில் வாகனங்கள் நீளமாக நின்றன. முன்னால் ஒரு கொம்பன் ரோட்டோரம் மரம் முறித்துத் தின்றுகொண்டு நகரமாட்டேன் என்கிறது என்றார்கள். வெகுநேரம் நின்றோம். எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா என் கையைப் பிடித்தார். பிடி இறுகிக்கொண்டே வந்தது. முகம் வெளுத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணை மூடியிருந்தார்.

ஒருவழியாக வரிசை நகர்ந்தது. யானை பார்க்கிற காவலாளி ஒருவரின் கொட்டில் ரோட்டோரத்தில் தெரிந்தது. "மல்லி, நிப்பாட்டுங்க" என்றார் அன்ரி.

மாமா எழும்பியே விட்டார். "தங்கச்சி, உமக்கு விசரோ? யானை நிக்கிற காட்டுக்குள்ள நிப்பாட்டச் சொல்லுறீர். உம்மட ஒரு ஆளின்ர அவசரத்துக்கு இவ்வளவு சனமும் சாகிறதோ? நீர் ஓட்டும் தம்பி."

சாரதி தயங்கினார். அன்ரி அசையவில்லை. "எனக்குத் தாங்காது மாமா. நிப்பாட்டச் சொல்லுங்க" என்றார். மாமா, வயது போன பெண்ணுக்கு வெட்கமும் இல்லாமல் போய்விட்டது என்று ஏதோ சொல்லத் தொடங்கினார்.

"அவவுக்கில்லை."

அம்மாவின் குரல். வான் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"அவவுக்குச் சுகரும் இல்லை, ஒரு வருத்தமும் இல்லை. எனக்குத்தான் ஏலாது. விடிய வெளிக்கிட்டதில இருந்து எனக்காகத்தான் நிப்பாட்டினவ. அவவைப் பேசாதேங்கோ."

என் அம்மா பத்துப் பேருக்கு முன்னால் உரத்துப் பேசி நான் கேட்டதில்லை. மாமா குனிந்து, வானின் கதவைத் தானே தள்ளித் திறந்துவிட்டார்.

கொட்டிலுக்குப் பின்னால் தகரம் அடித்த ஒரு மறைப்பு இருந்தது. பெண்கள் போகிற இடம் அல்ல என்று காவலாளி சங்கடப்பட்டார். அன்ரி அவரையும் மல்லி என்று கூப்பிட்டு, சிங்களத்தில் இரண்டு சொல் சொல்லி, வாளியில் தண்ணீர் வாங்கிக்கொண்டு முதலில் தான் உள்ளே போய்க் கழுவிவிட்டு, அம்மாவை அனுப்பிவிட்டுத் தகரத்துக்கு முன்னால் கால் அகட்டி நின்றார். காவலாளி கையில் யானையை விரட்டுகிற வெடியோடு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காட்டைப் பார்த்து நின்றார். வானுக்குத் திரும்பியபோது மாமாவின் கதவோர இருக்கை அம்மாவுக்காகக் காலியாக இருந்தது. மாமா பின்னால் போய் மாமியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

கல்யாண வீட்டில் பந்தல் போட்டு வாழை கட்டியிருந்தது. சித்தி வாசலுக்கு வந்தார். அம்மாவை வாழ்நாள் முழுக்க நீ என்று பேசியவர், அன்றைக்கு "வாங்கோ" என்றார். யாரோ கொழும்பு விருந்தாளியைக் கூப்பிடுவதுபோல. அம்மாவின் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு சித்தியின் கையைப் பிடித்து, "முதல் பாத்ரூம் எங்கை எண்டு காட்டு. அதுக்குப் பிறகு நான் ஏன் இவ்வளவு காலமும் வரேல்லை எண்டு சொல்லுறன்" என்றார். இருவரும் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார்கள்.

நான் பைகளை இறக்கிக்கொண்டிருந்தேன். அன்ரி வந்து என் முழங்கையைப் பிடித்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"மகள், இந்த வீட்ல வேற எங்கயும் இருக்கான்னு கேளு. சீக்கிரம். காலையில இருந்து நான் போகவே இல்ல."

எனக்கு விளங்கவில்லை. இவ்வளவு இடத்தில் இறங்கினீர்களே என்றேன்.

"நான் எங்க போனேன்? அக்காவுக்குக் காவலுக்கு நின்னேன். நானும் போனா இன்னும் நேரமாகும், மாமா கத்துவார். போற இடத்துல சும்மா நிக்கக் கூடாதுன்னு டீ வேற குடிச்சுத் தொலைச்சிருக்கேன்."

வேறு இல்லை, பின்னால் இருக்கிற ஒன்றுதான் என்றார்கள் கல்யாண வீட்டுக்காரர்கள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். கிணற்றடிக்கு அங்கால் பாத்ரூம். கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் கதவை மறித்துக்கொண்டு அம்மாவும் சித்தியும் நின்றார்கள். சித்தி அம்மாவின் தோளைப் பிடித்து உலுப்பிக்கொண்டு அழுதார்.

"அத்தானின்ர செத்தவீட்டுக்கு வராமல் நான் இஞ்ச கிடந்து என்ன பாடுபட்டனான் எண்டு உனக்குத் தெரியுமே? கடைசிப் பிள்ளை பிறந்ததில இருந்து எனக்கும் உதே வருத்தம்தான் அக்கா. பஸ்ஸில எப்பிடி ஏறுவன்? ஆரிட்டச் சொல்லுவன்? நீ என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"நீயும் என்னைக் கேக்கேல்லையே" என்றார் அம்மா. இருவரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள்.

அவர்களை விலகச் சொல்ல நான் ஒரு அடி எடுத்து வைத்தேன். அன்ரி என் சேலையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். அவர் கண்ணிலும் தண்ணீர் நின்றது.

"கதைக்கட்டும் மகள்" என்றார் மெதுவாக. "எனக்கு இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும்."

சொல்லிவிட்டுக் கிணற்றுக் கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை மாற்றி மறு காலில் நின்றார்.